பக்தியும் உரிமையும்

கலிஃபோர்னியாவின் வடக்கே 14,179 அடி உயரத்தில் நிற்கும் ஷாஸ்தா ஓர் எரிமலை. பே ஏரியாவிலிருந்து காரில் போகும் நம்மவர்களுக்கு, பனி மூடிய உச்சியைக் கண்டதும் கயிலாயம் நினைவுக்கு வரும். சிலருக்கு, நெருப்புத் தூண் மலையாய்க் குளிர்ந்த திருவண்ணாமலைக் கதை. நினைப்பதில் தவறில்லை. ஆனால் பக்தி வந்துவிட்டால் உரிமையும் வந்துவிடுமா?

வின்னமெம் வின்ட்டு பழங்குடியினருக்கு, அம்மலையின் பேந்தர் புல்வெளியிலுள்ள ஊற்று தம் இனம் பிறந்த இடம். ஆன்மிகம் தேடி வந்த வெளியாட்கள் அதில் படிகக் கற்களைப் போட்டார்கள். இறந்தவர்களின் அஸ்தியையும் கரைத்தார்கள். அவமதிக்க நினைத்தல்ல, புனிதம் என்று நம்பியே செய்தார்கள். பழங்குடியினருக்கோ அது ஊற்றை மாசுபடுத்துவது. காவிரியில் அஸ்தி கரைத்துப் பழகிய நமக்கு இது தானாகப் புரியாது; கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க இன்னொரு காரணமும் உண்டு. 1945-இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாஸ்தா அணையின் நீர் அவர்களுடைய ஊர்களையும் இடுகாடுகளையும் மூழ்கடித்தது. அந்த நீரில் ஒரு பங்கு, சாக்ரமென்டோ ஆற்றின் வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் சான்டா கிளாரா பள்ளத்தாக்குக் குழாய்களுக்கும் வருகிறது. அதைக் குடிக்கும் நாம் வெறும் யாத்ரீகர்கள் அல்ல.

திருவண்ணாமலைக்கு வரும் வெளிநாட்டவர் நம் வழக்கத்தைக் கேட்டு நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஷாஸ்தாவில் நாம்தான் வெளியூர்க்காரர்கள். கைகூப்பலாம், ஊற்றில் எதையும் போடாமல், அந்த மண்ணுக்குரியவர்கள் சொல்கிறபடி நடந்து திரும்பலாம். வணங்குவதில் பணிவதும் அடக்கம்தானே?