மூடிய கண்ணும் திரோதானமும்

காண்பது கண்ணா, அன்றிக் கண்ணை வாயிலாகக் கொண்டு காண்பது வேறொன்றா என்னும் வினாவைத் தர்க்கம் பயின்ற பண்டிதர்கள் மட்டுமே எழுப்பி வந்த காலம் போய், இன்று பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு கண்ணாடிக் கடையில் ஐந்து வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் தாயும் அதை எழுப்ப நேர்கிறது. பிள்ளையின் இடக்கண்ணில் புரை இல்லை, விழித்திரை பழுதில்லை, நரம்பும் செவ்வையாகவே இருக்கிறது. ஆயினும் வலக்கண்ணைப் பொத்தினால் எழுத்துப் பலகையின் மேல்வரிக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. ‘சோம்பல் கண்’ என்கிறார் ஆப்டோமெட்ரிஸ்ட். கண்ணில் கோளாறில்லை என்றும் சொல்கிறீர்கள், கண் தெரியவில்லை என்றும் சொல்கிறீர்களே ஐயா, இது எப்படி என்று அவள் கேட்பாளாயின், அது சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் பரம்பரையார் கேட்கத்தக்க கேள்வியேயாகும்.

நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு வருவது இது. மாறுகண்ணாலோ, இரு கண்களின் பவர் பெரிதும் வேறுபடுவதாலோ, பிறவிப் புரையாலோ ஒன்றோடொன்று ஒவ்வாத இரு பிம்பங்கள் மூளைக்குச் செல்ல, அது குழப்பத்துக்கு அஞ்சி ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடுகிறது. தள்ளத் தள்ள, தள்ளப்பட்ட கண் காணக் கற்காமலே போகிறது. ஹியூபெல், வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960-களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்துச் சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, கண் முழுதாக இருந்தும் மூளையின் பார்வைப் பகுதி அதற்குச் செவிசாய்க்க மறுத்துவிட்டதைக் கண்டனர். 1981-இல் நோபெல் பரிசும் பெற்றனர். மெய்கண்டாரின் நூலாகிய சிவஞானபோதத்தின் 11-ஆம் சூத்திரமும் கண் காண்பதற்கு உயிர் உடனின்று காட்டவேண்டும் என்றும், உயிர் அறிவதற்கு இறைவன் அவ்வாறே உடனின்று காட்டவேண்டும் என்றும் கூறுகிறது. இதைக் கொண்டு நம் முன்னோர் நரம்பியல் அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மெய்கண்டார் பேசியது உயிரைப் பற்றி; மூளை அவருக்குச் சடப்பொருளே. ஆனால் கண் தானாகக் காணாது என்ற அளவில் பூனைக்குட்டியும் சூத்திரமும் ஒரே பக்கம் நிற்கின்றன.

இனிச் சிகிச்சைக்கு வருவோம்; உண்மையான தத்துவச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டு இயற்கையியலாளர் பூஃபோன் 1743-இல் எழுதியது முதல் இன்றுவரை முதன்மையான வழி, நல்ல கண்ணை மூடிவைப்பது. குற்றமற்ற கண்ணுக்குச் சிறை! பொம்மைப் படம் போட்ட பட்டையை ஒட்டிவிட்டால், பிள்ளை அழுவதும், மூக்கோரத்தில் விளிம்பைக் கிளப்பி அந்த இடுக்கு வழியாகத் தொலைக்காட்சி பார்ப்பதும் எல்லா வீடுகளிலும் நடப்பதே. நன்றாய் இருப்பதை மறைப்பது கொடுமையன்றோ?

இதே கேள்வி சித்தாந்தத்திலும் எழுகிறது. சைவ சித்தாந்தம் இறைவனுடைய தொழில் ஐந்து என்று வகுத்தபோது, படைத்தல், காத்தல், அழித்தல், அருளலோடு நில்லாது மறைத்தலையும் ஒன்றாக வைத்து, அதற்குத் திரோதானம் என்று பெயரிட்டது. உயிரின் அறிவை மறைத்து உலகப் போகத்தில் செலுத்துகிற இச்சக்தியை உபசாரமாக மலம் (உயிரின் மாசு) என்றே சொன்னவர்களும், மலம் பக்குவப்படும்பொருட்டு நிகழ்வதாகையால் அதுவும் கருணையே என்றனர். உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூல் கூத்தப்பெருமானின் ஊன்றிய திருவடியில் மறைப்பையும் தூக்கிய திருவடியில் முத்தியையும் காட்டுகிறது. ஊன்றாமல் தூக்குவது எங்ஙனம்? கற்குங்காலத்தில் இது எனக்குச் சொல்லளவில் விளங்கியதேயன்றி உள்ளத்தில் ஒட்டவில்லை. கருணையுடையவன் ஏன் ஒளிக்கவேண்டும் என்ற முரண் நெருடிக்கொண்டே இருந்தது. வல்ல கண் திறந்திருக்கும்வரை மெலிந்த கண்ணுக்கு வேலை வாராது என்பதைக் கண்ட பின்பே அது தணிந்தது.

ஆயினும் உவமை எல்லாவிடத்தும் பொருந்தாது. இறைவன் மறைப்பில் அளவு தவறுவதில்லை என்பது சித்தாந்தம், தாயோ தவறலாம். கண்காணிப்பின்றி நீண்டநேரம் மூடினால் நல்ல கண்ணின் பார்வையே மங்கக்கூடும். நடுத்தரக் குறைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பயன் தந்ததை 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பக்தி மிகுதியால் நாள் முழுவதும் ஒட்டிவைப்போர் இதைக் கருதவேண்டும்.

கான்டாக்ட் லென்ஸின் உபயோகம் வேறு வகைத்து. இரு கண்களின் பவர் மிக வேறுபடுமிடத்தில் மூக்குக்கண்ணாடி ஒரு பிம்பத்தைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் காட்டுவதால் மூளை அவற்றை இணைக்க மாட்டாமல் திகைக்கிறது. கருவிழியின் மேலேயே படியும் லென்ஸ் அவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைத்துவிடும். புரை நீக்கிய கைக்குழந்தைக்கும் லென்ஸ் உண்டு. பட்டையைப் பிய்த்தெறியும் முரட்டுப் பிள்ளைக்கு நல்ல கண்ணில் ஒளி புகாத கறுப்பு லென்ஸும் உண்டு. (பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் விற்கும் வர்ண லென்ஸ்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.)

பார்வைப் பயிற்சியில் மூன்று நிற மணிகள் கோத்த கயிறொன்று உண்டு. ஒரு முனையைக் கதவுப்பிடியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்து, நடுமணியை நோக்கவேண்டும். இரு கண்ணும் வேலை செய்தால், கயிறு இரண்டாகித் தோன்றி அந்த மணியில் குறுக்கிட்டுச் செல்லும். ஒரு கண் தள்ளப்பட்டிருந்தால் ஒற்றைக் கயிறே தெரியும். உள்ளது ஒன்று, சரியாகக் காண்பவனுக்குத் தெரிவது இரண்டு! உள்ளது ஒன்றே என்னும் மாயாவாதியோடு வாதிட விரும்புவோர் இக்கயிற்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் படிப்பு வாராமைக்கும் இப்பயிற்சியே மருந்து என்னும் விளம்பரங்களை நம்பவேண்டியதில்லை. அதற்குச் சான்று போதாது.

போன ஜன்ம வினை என்று பெருமூச்சு விடுவோரும், ஒரு கண்தான் நன்றாயிருக்கிறதே, போதாதா என்போரும் நம்மிடையே உளர். வினை என்போருக்கு ஒன்றே சொல்வேன்: இளம்பருவத்தில் மூளை எளிதில் இசைகிறது, ஏழு வயதுக்குப் பின் கடினமாகிறது, ஆனால் கதவு அடைபட்டுவிடுவதில்லை. பக்குவகாலம் பார்த்து முயலவேண்டும் என்று சொல்லும் சாத்திரம் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

ஒரு கண் போதும் என்போருக்கு நாயன்மாருள் ஒருவரான சுந்தரர் விடை சொல்வார். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்து இரு கண்ணும் இழந்தவர், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலைப் பெற்றார். காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண்ணைப் பெற்றார். நடக்கவும் தொழவும் அது போதுமே. அவரோ திருவாரூர் சென்று மற்றக் கண்ணையும் கேட்டு வாங்கினார்; அதைப் பேராசை என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் எங்கும் குறைகூறவில்லை. இரண்டாம் கண் என்ன தரும் என்பதற்கு இக்காலச் சான்றும் உண்டு. குழந்தைப் பருவம் முதல் மாறுகண்ணோடு வாழ்ந்த சூசன் பாரி என்னும் அமெரிக்க நரம்பியல் பேராசிரியர், 48 வயதில் பார்வைப் பயிற்சி பெற்றுக் காரில் ஏறியமர்ந்தபோது, ஸ்டீரிங் சக்கரம் முன்பலகையிலிருந்து விலகித் தனியே வெளியில் நிற்பதை முதன்முறையாகக் கண்டு திகைத்தார். அதுவரை அவருடைய உலகத்தில் பொருள்கள் இருந்தன. அவற்றுக்கு இடையே வெளி இல்லை.

பாதியில் சிகிச்சையை நிறுத்த வரும் தகப்பனாருக்கு இந்தச் சக்கரத்தையும் சுந்தரரையும் சேர்த்தே சொல்லிப் பார்க்கலாம். ஒப்புக்கொள்கிறாரோ இல்லையோ, அடுத்த பரிசோதனைக்கு நாள் குறித்துக்கொண்டு போனால் சரி.