சாட்சியும் சபையும்

நான் படித்து முடிக்காத ஒரு நாவலைப் பற்றி, அதன் முடிவு எனக்குப் பிடித்திருந்தது என்று ஒரு மாலை சொன்னேன். சொன்ன இடம் ஒரு வீடியோ கூட்டம். பதினைந்து இருபது பேர், அவரவர் ஊரில் அவரவர் அறையில் இருந்தபடியே, மாதம் ஒரு முறை ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொள்கிறவர்கள். பேச்சு பதிவாகிப் பின்னர் யூடியூபில் ஏறும். எனக்குக் கடைசி நாற்பது பக்கங்கள் பாக்கியிருந்தன. ஒரு பெண் கேட்டார்: "முடிவு எப்படி சார்?" காமிராவின் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "பிடித்திருந்தது" என்றேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றிரவே உட்கார்ந்து அந்த நாற்பது பக்கங்களையும் படித்து முடித்தேன். முடிவு உண்மையிலேயே பிடித்திருந்தது.

ஆக, நான் சொன்ன வாக்கியம் உண்மை. சொன்ன நான் பொய்யன். தர்க்க சாஸ்திரக்காரர்களுக்கு இதில் சிக்கல் ஒன்றும் இராது. வாக்கியத்தின் மெய் வேறு, சொல்கிறவனின் நேர்மை வேறு என்று பிரித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. பொய்யைவிட அதிகமாக என்னை உறுத்தியது வேறொன்று. அதற்கு முந்தைய இருநூறு சொச்சம் பக்கங்களை நான் எப்படிப் படித்தேன் என்பது. பென்சிலால் கோடிட்ட இடங்களைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் எடுத்துச் சொல்ல வாகான இடங்கள். ஒரு தகப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றுகிற ஒரு பத்தி அதில் உண்டு. படிக்கும்போது அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன். அந்தப் பத்தியில் கோடு இல்லை. ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூட்டம் நடப்பதற்கு மூன்று வாரம் முன்பே, என் நாற்காலியில் நான் தனியாக உட்கார்ந்திருந்தபோதே, அந்தக் காமிரா அங்கே இருந்திருக்கிறது என்று இதற்கு அர்த்தம்.

பிறர் பார்க்கப் படிப்பது படிப்பா? பிறர் பார்க்க எழுதுவது எழுத்தா? சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இதற்குத் தயாரான பதில் ஒன்று உண்டு. கலைஞன் தனியன், வாசகனும் தனியன், கூட்டம் சேர்ந்தால் அது சந்தை. இந்தப் பதிலை நானே பல வருஷங்கள் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பதில் தவறு என்பதனால் அல்ல. விசாரிக்காமலே கைக்கு வந்த பதில் அது.

விசாரிப்போம். 2007 ஜனவரி 1ஆம் தேதி, ஜான் கிரீன், ஹாங்க் கிரீன் என்ற இரு அமெரிக்கச் சகோதரர்கள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஒரு வருஷம் முழுவதும் எழுத்து மூலமாக ஒருவருக்கொருவர் தொடர்பு கொள்வதில்லை, யூடியூபில் வீடியோ மூலம்தான் பேசிக்கொள்வது என்று. மூத்தவர் ஜான் ஏற்கனவே நாவலாசிரியர். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர் தம்பிக்கு எழுதுவதை நிறுத்தினார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். ஒவ்வொரு வீடியோவும் மற்றவரைப் பெயர் சொல்லிக் காலை வணக்கம் கூறித்தான் ஆரம்பிக்கும். அதாவது பேச்சு ஒருவருக்கு. மற்றவர்கள் ஒட்டுக் கேட்பவர்கள். இந்த ஒட்டுக் கேட்டவர்களில் இருந்துதான் புத்தகம் படிக்கிற இளைஞர்களின் ஒரு பெரிய சமூகம் உருவாயிற்று. பின்னால் புக்டியூப் என்று பெயர் பெற்ற, புத்தகங்களைப் பற்றிக் காமிராவைப் பார்த்துப் பேசுகிற வழக்கம் பரவியதும், எழுதுகிறவர்கள் தங்கள் கையெழுத்துப் பிரதியின் அன்றாடக் கஷ்டங்களைப் பேசும் ஆதர்டியூப் வந்ததும் இந்தப் பின்னணியில்தான்.

2012இல் ஜான் கிரீனின் ஒரு நாவல் வெளிவந்தபோது, முதல் பதிப்பின் 1,50,000 பிரதிகளுக்கும் அவர் கையெழுத்திட்டார். வியாபார தந்திரம் என்று தள்ளிவிடலாம், வியாபாரமும்தான். ஆனால் கையெழுத்து என்பது என்ன? அதில் படிக்க ஒன்றும் இல்லை. இந்தத் தாளின் முன் நான் ஒரு கணம் இருந்தேன் என்பது மட்டுமே அதன் வாசகம். 1,50,000 முறை அதைச் சொல்ல ஒரு மனிதன் முன்வந்தான் என்றால், வாங்குகிறவர்களுக்குக் கதையோடு இன்னொன்றும் தேவைப்பட்டிருக்கிறது.

இதன் மறுகோடியில் புக்டாக் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் டிக்டாக்கில் பெருகியது. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டுவிட்டதால் நம்மில் பலர் அதன் எதிரொலியை மற்றத் தளங்களில்தான் பார்த்தோம். ஒரு நிமிஷத்துக்கும் குறைவான வீடியோ. ஒரு பெண் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறாள். அடுத்த காட்சியில் படித்து முடித்து அழுதுகொண்டிருக்கிறாள். மாடலின் மில்லர் 2011இல் வெளியிட்ட அக்கிலீஸ் பற்றிய நாவல், பத்து வருஷம் கழித்து இந்தக் கண்ணீரில் மிதந்து விற்பனைப் பட்டியல்களுக்கு வந்தது. அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நாவலைப் படித்து அழுதவர்கள் நிஜமாகவே அழுதிருக்கலாம். ஆனால் அழுகை வருகிறது என்று தெரிந்தவுடன் காமிராவை எடுத்து நிறுத்த ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை அழவில்லை. என் பென்சில் பிடித்த கையும் அதே கைதான்.

இவ்வளவில் கட்டுரையை முடித்திருப்பேன். முடிக்க விடாமல் செய்தது ஒரு நண்பரின் விஷயம். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நல்ல கதைகள் எழுதியவர். மனைவி இறந்தபின் எட்டு வருஷம் ஒரு வரி எழுதவில்லை. நாங்கள் நண்பர்கள் எல்லோரும் அவருடைய மௌனத்தை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அது மரியாதையா, சௌகரியமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவர் யாரோ சொல்லி, வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் ஒரு வீடியோ எழுத்துக் கூட்டத்தில் சேர்ந்தார். அங்கே காலை; நமக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளை. திரையில் நூற்றுக்கணக்கான முகங்கள் சிறு சிறு கட்டங்களில். ஆரம்பத்தில், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் ஒரு வரி போடுகிறார்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு எழுதுகிறார்கள். ஐம்பது நிமிஷம். யாரும் யாருடைய தாளையும் பார்ப்பதில்லை. முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். அவர் எழுதத் தொடங்கிவிட்டார்.

"அவர்களுக்கு உங்களை யாரென்று தெரியாதே, பிறகு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். "அதுதான் பிரயோஜனம். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் எழுந்து போனால் கட்டம் காலியாகத் தெரியும்" என்றார்.

அவர் அழைத்து நானும் ஒரு நாள் உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷத்துக்கு மேல் எதுவும் வரவில்லை. எதிரே ஒரு கிழவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பார்க்க ஒன்றுமில்லை. 1927இல் பாரிஸில் ஜார்ஜ் சிம்னான் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஜனங்கள் பார்க்க ஒரு நாவல் எழுதுவதாக ஏற்பாடு ஆயிற்று. ஏற்பாடு கைவிடப்பட்டது, அது நடக்கவே இல்லை. ஆனால் பிற்காலத்தில் பலர் அதைத் தாங்கள் நேரில் பார்த்ததாகவே நினைவு கூர்ந்தார்கள். எழுதுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பெரியது. பார்த்திருந்தாலும் அவர்கள் கண்டிருக்கக் கூடியது குனிந்த ஒரு முதுகைத்தான்.

இன்னும் பின்னால் போகலாம். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் மௌனமாகப் படித்துக்கொண்டிருந்ததை அகஸ்டின் தன் வாக்குமூல நூலில் பதிவு செய்திருக்கிறார். கண்கள் பக்கத்தில் ஓடுகின்றன. குரலும் நாக்கும் சும்மா இருக்கின்றன. பார்க்க வந்தவர்களுக்குத் தடை இல்லை. அவர்கள் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவர் ஏன் மௌனமாகப் படித்தார் என்று அகஸ்டின் ஊகிக்கிறார். வாய்விட்டுப் படித்தால் கேட்டுக்கொண்டிருப்பவன் கடினமான இடத்தில் விளக்கம் கேட்பான், படிக்க நேரமிராது என்பதனால் இருக்கலாம். எளிதில் கம்மிவிடும் குரலைக் காப்பாற்றிக்கொள்ளவும் இருக்கலாம்.

எனக்கு வேண்டியது இங்கே கிடைத்தது. அம்புரோஸ் பார்வையாளர்களை விரட்டவில்லை. கதவு திறந்திருந்தது. அவர் மறுத்தது வேறு: படித்துக்கொண்டிருக்கும்போதே படித்ததைப் பரிமாற மறுத்தார். இரண்டு விதமான பார்வைகள் இருக்கின்றன என்று தோன்றுகிறது. ஒன்று சாட்சி, மற்றது சபை. சாட்சி நான் இருப்பதைப் பார்க்கிறது, என்னிடம் எதுவும் எதிர்பார்ப்பதில்லை. சபைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். கண்ணீர், கருத்து, முடிவு பிடித்திருந்தது என்ற ஒரு வாக்கியம். சாட்சியின் முன் நான் ஓடிப்போக முடியாது. சபையின் முன்னோ, உட்கார்ந்த இடத்திலேயே ஓடிப்போய்விடலாம். நாற்பது பக்கங்களை நான் அப்படித்தான் தாண்டினேன்.

தனிமைதான் ஆதி விதி என்று நாம் நினைப்பதற்கும் ஆதாரம் குறைவு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களை மனத்திலேயே அமைத்துச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள் என்பதை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். சிருஷ்டி நடக்கும் இடத்திலேயே எழுத்தாணியோடு ஒரு சாட்சி. அரங்கேற்றம் பிறகு, சபையில். இரண்டுக்கும் வேறு வேறு இடம் இருந்தது. காமிரா செய்திருப்பது, இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டதுதான். படிக்கும் கணமே அரங்கேற்றக் கணம் ஆகிவிடுகிறது.

சாட்சி மட்டும் சுத்தம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. மௌனக் கூட்டங்களிலேயே வேறு சிலவற்றில், இருபது இருபத்தைந்து நிமிஷம் கெடு வைத்து எழுதி, முடிவில் எத்தனை சொல் என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் 21 பேரோடு தொடங்கி, பிறகு நவம்பர் மாதந்தோறும் 50,000 சொற்களில் ஒரு நாவல் என்று உலகமெங்கும் பரவிய இயக்கம் இதற்குப் பெரிய உதாரணம். அந்த அமைப்பு மூடப்படுவதாக 2025இல் அறிவித்துவிட்டார்கள். தினம் 1,667 சொல் என்பது அதன் கணக்கு. எண்ணிக்கை வந்தவுடன் சாட்சி மேஸ்திரி ஆகிவிடுகிறார். ஆனால் ஆண்டனி டிராலப்பும் கடிகாரத்தை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொல் என்று எழுதியவர்தான். அதைச் சுயசரிதையில் சொல்லியதற்காகச் செத்த பிறகு பெயரைக் கெடுத்துக்கொண்டார். நாவல்கள் கெடவில்லை. கூலிக்கணக்கு கலையைக் கொன்றுவிடும் என்பதும் நமது தயாரான பதில்களில் ஒன்றோ என்னவோ.

அடுத்த மாதக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். கடைசி நாற்பது பக்கங்களைப் படிக்காமலேதான் அன்று பதில் சொன்னேன் என்று. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேள்வி கேட்ட பெண், "இப்போது படித்துவிட்டீர்களா?" என்றார். "படித்துவிட்டேன்." "பிடித்திருந்ததா?" "பிடித்திருந்தது." போன மாதம் சொன்ன அதே சொல். பிறகு பேச்சு வேறு புத்தகத்துக்குப் போயிற்று. பதிவு வெளியானபோது அந்தப் பகுதி இல்லை. புத்தகத்தோடு சம்பந்தமில்லாதது என்று, நடத்துகிற நண்பர் வெட்டிவிட்டிருந்தார். எனக்கு வருத்தமில்லை. இருபது பேர் போதும்.

போதும் என்று எழுதுகிறேனே தவிர, இதோ இந்தப் பக்கத்தில் அதை உங்கள் முன் வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒப்புக்கொள்வதிலும் ஒரு கை காமிராவை எடுத்து நிறுத்துகிறது. இதிலிருந்து எழுதுகிறவனுக்கு முழு விடுதலை கிடையாது என்றே நினைக்கிறேன். எழுதாமல் இருந்தால் கிடைக்கலாம். அந்த எட்டு வருஷ விடுதலையை என் நண்பரிடம் பார்த்துவிட்டேன், அது வேண்டாம். செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. சபைக்குக் கொடுக்க முடியாத சில பக்கங்களைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. பேசும்போது அவை இருப்பதை மறந்துவிடாமல் இருப்பது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செருப்பை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்த அந்தத் தகப்பனை அப்படி வைத்திருந்தேன். கட்டுரைக்கு உதாரணம் தேவைப்பட்டது. அவரையும் கொடுத்துவிட்டேன்.