பகிடிப் புத்தகத்தில் ஒரு பாரமான கேள்வி

தொலைக்காட்சியில் ஆட்களைச் சிரிக்கவைத்துப் பேரெடுத்த ஒருவர் நாவல் எழுதினால், அன்பான வாசகரே, அதை நீங்கள் கையில் எடுப்பீர்களா? நான் எடுத்திருக்க மாட்டேன். முகத்தைக் காட்டி விற்கும் புத்தகம், உள்ளே சரக்கு இராது என்றே நினைத்திருப்பேன். ஒருவர் வற்புறுத்தியதால் வாசித்தேன். இரண்டு இரவு நித்திரை கெட்டது.

ஆசிரியர் றிச்சேட் ஒஸ்மன் என்னும் ஆங்கிலேயர். பி.பி.சி.யில் 2009இல் தொடங்கிய ‘பொயின்ற்லெஸ்’ என்ற வினாவிடை நிகழ்ச்சியில் மேசைக்குப் பின்னால் அமர்ந்து பகிடி விட்ட நெடிய மனிதர். அவருடைய முதல் நாவல் ‘த தேர்ஸ்டே மேர்டர் கிளப்’ 2020இல் வெளிவந்து, 2025இல் திரைப்படமாகவும் ஆனது. பெயரைத் தமிழில் ‘வியாழக்கிழமைக் கொலைக் கழகம்’ எனலாம். தம் தாயார் வாழ்ந்த முதியோர் குடியிருப்புக்குப் போய் வந்தபோதே கதைக்கான எண்ணம் பிறந்ததாக அவர் கூறியிருக்கிறார்.

கதை நிகழ்வதும் கென்ற் பகுதியிலுள்ள அத்தகைய குடியிருப்பு ஒன்றில்தான். முன்பு அது கன்னியர் மடமாக இருந்த இடம். அருட்சகோதரிகள் போய்விட்டார்கள்; குன்றின் மேல் அவர்களுடைய சேமக்காலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் தோண்டி இடம்மாற்றி, மேலும் வீடுகள் கட்டிக் காசு பார்க்க முதலாளி முயல்கிறார். கிழவர்களும் கிழவிகளும் குறுக்கே நின்று வழிமறிக்கிறார்கள். இறந்தோரின் இளைப்பாறும் இடத்தை அறியாத கன்னியருக்காகக் காக்கும் அந்தக் காட்சி சிரிப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. வாசித்த எனக்கோ கண் கலங்கிற்று.

நால்வர் வியாழன்தோறும் கூடி, பொலிசார் துலக்காமல் விட்ட பழைய கொலைகளை ஆராய்கிறார்கள். வேறெவரும் எட்டிப்பாராதிருக்க, ஜப்பானிய இசைநாடகம் பற்றிய கலந்துரையாடல் என்று மண்டபத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்கள்! அவர்களுள் ஜொய்ஸ் முன்னாள் தாதி. அவருடைய நாட்குறிப்பில் கேக்கும் மரணமும் அடுத்தடுத்த வரியில் வரும். வயது போனவர்களோடு இருந்து பழகியவர்களுக்கு இது புதுமையன்று. எலிசபெத் முன்னாள் உளவு உத்தியோகத்தர். அவர் நாட்குறிப்பில் இரண்டு வாரம் முன்தள்ளி ஒரு சிறிய கேள்வியை எழுதி வைக்கிறார். அந்த நாள் வரும்போது விடை நினைவில் இருந்தால், மூளை இன்னும் தன்னுடையதே என்ற ஆறுதல். அவருடைய கணவருக்கு மறதி நோய். இந்தப் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துப்பறியும் கதையின் முடிச்சை அவிழ்ப்பது முறையல்ல. கொலையாளியைச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருத்தியான பெனி நினைவிழந்து கட்டிலில் கிடக்கிறாள். கணவன் அருகிலேயே இருந்து பார்க்கிறான். எலிசபெத் வந்து, அவளுக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையோடு கதைகளெல்லாம் சொல்லுகிறார். ஈற்றில் கணவன் அவளுடைய உயிரையும் தன்னுடையதையும் முடித்துக்கொள்கிறான். நடக்கப்போவதை உணர்ந்தும் எலிசபெத் தடுக்கவில்லை. நண்பிக்கு விடைகூறிப் போகிறார். அன்பின் செயலாகவே அது எழுதப்பட்டிருக்கிறது.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். கொடூரமாக எழுதியிருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவ்வளவு மென்மையாக, சிரித்துச் சிரித்து மனம் இளகியிருக்கும் வேளையில் வந்து நின்றால் என்ன செய்வது? பெனிக்குக் கேட்கும் என்று கதை முழுவதும் நம்பியவர்கள், கடைசியில் அவளுக்குப் பதிலாகத் தாங்களே விடை கூறிவிட்டார்கள். கேட்கும் என்றால், அவள் இன்னும் அங்கே இருக்கிறாள் அல்லவா? 2025 யூனில் பிரித்தானிய மக்கள் சபை 314க்கு 291 என்ற வாக்குகளால் ஏற்ற சட்டமூலம்கூட, நோயாளி தானே கேட்டால்தான் என்று சொன்னது. பெனி கேட்கவில்லை. அவளால் கேட்க முடியாது.

உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுச் சபை 1980இல் கருணைக்கொலை பற்றி விடுத்த அறிக்கையை எடுத்து மீண்டும் பார்த்தேன். சாவு நெருங்கிய வேளையில், பயனற்ற வைத்தியத்தை மறுப்பதை அது தடுக்கவில்லை. உயிரைப் போக்குவதைத் தடுக்கிறது. ஆயினும் தாங்கொணாத நெடிய துன்பத்தில் ஒருவர் அவ்வாறு செய்ய முற்பட்டால், அவருடைய குற்றப்பொறுப்பு குறையக்கூடும், இல்லாமலே போகவுங்கூடும், செயலின் தன்மை மட்டும் மாறாது என்கிறது. சட்டப்புத்தகம் போன்ற அந்த வசனத்தில் இத்தனை இரக்கம் இருக்குமென்று நான் முன்பு கவனிக்கவில்லை. ஒஸ்மன் அந்தக் கணவனைப் பார்க்கும் பார்வையும் ஏறக்குறைய அதுவே. ஒன்றில்தான் பிசகு: மனிதன்மேல் உள்ள இரக்கத்தைச் செயலின்மேலும் ஊற்றிவிடுகிறார்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். என் மகள் வாசித்தாள். அந்தக் கட்டிலடியில் இருந்து பாராதவர்கள் வாய் திறக்கக்கூடாது என்று கணவன் பக்கம் நின்றாள். பெனி சொல்ல நினைத்தது யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டேன். சற்று யோசித்து, “எலிசபெத் நாளைக்கும் வந்து கதை சொல்லியிருக்கலாம்தான்” என்றாள். ஆனால் தோற்றதாக ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு இன்னும் நடக்கிறது.