டச்சுல இருங்க

வேலையை விட்டுப் போகிறவரிடம் எல்லோரும் சொல்வது, "டச்சுல இருங்க சார்." அன்று சாயங்காலமே அவருடைய ஆபீஸ் மெயில் முடங்கிவிடும். கம்பெனி சிம்மையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து அவரை எங்கே தேடுவது?

லிங்க்ட்இன் போன்ற தளங்களின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. மனிதர் எத்தனை கம்பெனி மாறினாலும் தொடர்பு அறுவதில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களைச் சந்தித்து விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் அந்தத் தகவல் அடிக்கடி பார்க்கும் ஆளிடமிருந்து வந்திருந்தது. மற்றவர்களுக்குச் சொன்னது எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கும் ஒருவர். 1973இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. இப்படி நடப்பதற்குக் காரணம் எளிது. கூடவே உட்கார்ந்து டீ குடிப்பவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். வேறு ஆபீஸுக்குப் போனவரிடம்தான் புதுச் சேதி இருக்கும். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடி பேரை வைத்து நடந்து 2022இல் வெளியான ஆய்வும், வேலை மாற அதிகம் கைகொடுப்பது ஓரளவு பழக்கமானவர்களே என்று காட்டியது. முன்பின் தெரியாதவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான்.

பழக்கத்தைப் பேணுவது எப்படி? யாருக்காவது பதவி உயர்வு என்றால் தளமே வாழ்த்தை எழுதித் தந்துவிடுகிறது, தட்டினால் போதும். அது வேண்டாம். நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். "2017ல ஜிஎஸ்டி வந்தப்போ நீங்க போட்டுக் கொடுத்த எக்செல் ஷீட்டைத்தான் இன்னும் வெச்சிருக்கோம் மேடம். புது பொறுப்புக்கு வாழ்த்துகள்." இதைப் படிப்பவருக்கு உங்கள் முகம் சட்டென்று ஞாபகம் வரும். பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ரெஸ்யூமேயோடு "ஏதாவது ஓப்பனிங் இருக்கா?" என்று கேட்கும்போது ஏற்படும் சங்கடம் இதில் இல்லை.

பழைய சகா ஒருவரின் லிங்க்ட்இன் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால், அவர் வேலை தேடுகிறார். அவர் கேட்கட்டும் என்று காத்திராமல் நாமே போன் செய்யலாம். நம் ஆபீஸில் இடம் காலியாக இருந்தால், அவருடைய ரெஸ்யூமேயை வாங்கி இன்றே ஹெச்ஆரிடம் ரெஃபர் செய்துவிடலாம்.