நெரிசலில் பழி யாருடையது?

2005ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் விடியுமுன், சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் பெறக் கூடியிருந்தோருள் 42 பேர் நெரிசலில் சிக்கி மாண்டனர். தியாகராய நகருக்கு மேற்கே, சிறு தொலைவில் உள்ள பகுதி அது. வெள்ளத்திற்குத் தப்பியவர்கள், உதவி வழங்கும் இடத்தின் வாயிலில் உயிர் துறந்தனர்.

இத்தகைய துயரங்களின்பின் வழக்கமாக எழும் பேச்சை நாம் அறிவோம்: "பொறுமையற்ற கூட்டம், ஒருவரையொருவர் மிதித்துக் கொன்றனர்." கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நாம், கொன்றனர் என்னும் சொல்லை அத்துணை எளிதாகப் பிறர்மேல் ஏற்றலாகுமா?

கூட்டத்தின் இயக்கத்தைக் கணிதத்தால் ஆராய்வோர் உளர். டிர்க் ஹெல்பிங், ஃபர்காஸ், விச்செக் என்னும் மூவர், 2000ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அதில் மனிதன் வெறும் வட்டம். அவனுக்கு ஒரு திசை, விரும்பும் வேகம், அண்டை உடல்களின் அழுத்தம், உராய்வு ஆகியவையே உண்டு. பசியில்லை, பேராசையுமில்லை. கணிப்பொறியில் இவ்வட்டங்களை ஒரே வாயிலை நோக்கி விரையச் செய்தனர். விரைவு ஓர் அளவை மிஞ்சியதும் வெளியேறும் நேரம் குறையாமல் கூடிற்று. வாயிலருகே உடல்கள் வில்வளைவுபோல் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன.

உயிரைப் புற்கலம்போல் எண்ணுவதா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயின் பேராசையற்ற வட்டங்களே நெரிகின்றன எனில், நெரிசலுக்குத் தீய மனம் தேவையில்லை என்றாகிறது. மாண்டவர்மீது நாம் சுமத்திய பழியைக் கணிதம் இறக்கி வைக்கிறது. சதுர மீட்டருக்கு ஏழு பேர் நெருங்கினால் கூட்டம் ஏறத்தாழ நீர்போல் ஆகிவிடும் என்று ஜான் ஃப்ரூயின் என்னும் பொறியியலார் 1993இல் எழுதினார். பின்னே ஒருவர் அரையடி நகர்கிறார். முன்னே ஒருவர் மூச்சு முட்டுவதை அவர் அறியார். இறப்போரில் பலர் மிதிபடுவதே இல்லை. நின்றபடியே மார்பு அழுந்தி மடிகின்றனர். தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெருவில் நடந்தவர்க்கு, கால்கள் தம் வசம் இல்லாத அந்நிலை சிறிதேனும் விளங்கும்.

அவ்வாறாயின் பழி எங்கே? உமாஸ்வாமியின் தத்வார்த்த சூத்திரம், இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முதலில் வைக்கிறது. எத்தனை பேர் வருவர், வாயில் எத்துணை அகலம், உள்ளே வந்தவர் எவ்வழியே வெளியேறுவர் என்று முன்கூட்டி எண்ணக்கூடியவர் எண்ணாது விடுவதே இங்கு விழிப்பின்மை. கொடுப்பவர் நல்லெண்ணத்தோடு கொடுத்தார் என்பது அதற்கு விடையாகாது.

இக்கணக்கில் அடங்காததும் உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் புகுந்தபோது, மீனவர்கள் படகுகளைத் தெருக்களுக்குள் கொண்டுவந்தனர். முன்பின் அறியாதவர்க்கு வீடுகள் திறந்தன. வட்டங்கள் இவ்வாறு செய்வதில்லை. அநேகாந்தம் பயின்ற நமக்கு இதில் முரண் தோன்ற வேண்டா. உடல்கள் நெருங்கிய இடத்தில் ஒரு நயம், கையை அசைக்க இடமுள்ளபோது வேறொரு நயம். எம்.ஜி.ஆர். நகர் வாயிலில் நின்றவர்களும் அண்டையாரைக் காக்க விரும்பியிருப்பர். அவர்களுக்குக் கையசைக்க இடமில்லை.

நம் ஆலயங்களிலும் சங்கங்களிலும் உணவும் உடையும் வழங்குகிறோம். பெயர்ப் பட்டியலும் பொருளும் பல நாள் முன்பே ஆயத்தமாகின்றன. வாயிலை அளப்பவர் மிகச் சிலரே. தெருவாரியாக வேளை குறித்து அழைக்கலாம். வரவும் போக்கும் வெவ்வேறு வழியாக அமைக்கலாம். முதியோர்க்கு வீட்டிற்கே கொண்டு சென்று கொடுக்கலாம். செலவு சிறிது கூடும். நிழற்படத்தில் கூட்டம் குறைவாகத் தெரியும்.