ஊழும் ட்ரம்பெட்டும்

பழைய குற்றப்படங்களில் ஜாஸ் நம்மை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டால் இரவு, மழை, சிகரெட் புகை என்று சூழலைக் காரணம் சொல்வார்கள். அந்தச் சூழல் ஜாஸ் இல்லாமலும் இருந்தது. பில்லி வைல்டரின் ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) நிறைய இருளும் குற்றமும்தான். ஆனால் மிக்லோஷ் ரோஜா அதற்கு எழுதியது பெரிய வாத்தியக் குழுவுக்கான இசை. பெயர்கள் ஓடும்போதே அது இறுதி ஊர்வலமாய்க் கனத்து நடக்கிறது. கதை தொடங்குமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது. ஜாஸ் அப்படித் தீர்ப்பு எழுதுவதில்லை. குற்றம் செய்தவன் செய்யாமலும் இருந்திருக்கலாம் என்பதைக் கடைசிவரை நம் காதில் நிறுத்துகிறது. மனிதனை விதி நடத்துகிறதா, அவனே நடக்கிறானா என்ற பழைய கேள்விதான் அதன் ஈர்ப்பு.

லூயி மாலின் ‘எலிவேட்டர் டு த கேலோஸ்’ (1958) கதையைப் பாருங்கள். முதலாளியைக் கொன்று, தற்கொலைபோல் காட்டிவிட்டு வெளியேறிய ஜூலியன், தொங்கவிட்ட கயிற்றை எடுக்கத் திரும்புகிறான். காவலாளி மின்சாரத்தை நிறுத்த, இரவெல்லாம் லிஃப்டில் கிடக்கிறான். அவன் காரைத் திருடிய இளைஞன் செய்த கொலையும் அவன்மேல் விழுகிறது. முழுக்க ஊழின் கணக்கு. 1957 டிசம்பரில் பாரிஸில் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸும் நான்கு இசைஞர்களும் இதற்கு வாசித்தபோது படம் எடுத்து முடிந்திருந்தது. முன்கூட்டி அவர் வைத்திருந்தவை சில எளிய ஸ்வர அடுக்குகள்தான். மீதி, திரையில் ஓடிய காட்சிகளைப் பார்த்துக்கொண்டே அந்தந்தக் கணத்தில் பிறந்தது. ஜூலியனைத் தேடி, அவன் காதலியாக நடிக்கும் ழான் மோரோ ஷான்ஸ் எலிசேயில் நடக்கும் இரவுக்கான இசை, பின்னாளில் வெளியான முழுப் பதிவில் நான்கு விதமாக இருக்கிறது. ஒரே காட்சி, ஒரே ஆட்கள். ட்ரம்பெட் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகிறது. ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த வள்ளுவரைப் படித்தவர்களுக்கு, கதையில் ஊழும் இசையில் முயற்சியும் ஒன்றாக நிற்பது புதிதல்ல.

பதிவான இசையும் மாறாததுதானே, இதில் சுதந்திரம் எங்கே என்று கேட்கலாம். நடந்தது இனி மாறாது என்பது வேறு. அது அப்படித்தான் நடந்திருக்க முடியும் என்பது வேறு. அந்த நான்கு பதிவுகளே சாட்சி. கறுப்பின மக்களின் இசையைக் குற்றத்துக்கும் காமத்துக்கும் அடையாளமாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. பல படங்களைப் பொறுத்தவரை அது உண்மை. அந்தப் பழக்கம் அநீதியானது. ஆனால் டியூக் எலிங்டன் இசையமைத்த ‘அனாடமி ஆஃப் எ மர்டர்’ (1959) படத்தில் ஜாஸ் பியானோ வாசிப்பவர் குற்றவாளி அல்ல, அவனுக்காக வாதாடும் வக்கீல். எலிங்டனே ஒரு காட்சியில் அவரோடு பியானோவில் அமர்கிறார். கட்சிக்காரன் தடுக்க முடியாத உந்துதலில் சுட்டான், வேறு விதமாக நடந்திருக்கவே முடியாது என்பதே அந்த வக்கீலின் வாதம். நடுவர் குழு ஏற்று விடுவிக்கிறது. எலிங்டனின் இசை அதை ஏற்கவில்லை என்பதே என் தீர்ப்பு.