தேய்மானக் கணக்கு

ஒரு கொலை வழக்கு. கொலைக்குப் பயன்பட்ட அரிவாள் கோர்ட்டில் இருக்கிறது. அதை அச்சு அசலாகச் சின்ன அளவில் செய்து, பிடியில் இருந்த கீறல் முதற்கொண்டு பெயின்ட்டில் கொண்டுவந்து, ஒருவர் தன் வீட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். என்ன சொல்வீர்கள்? 'மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று அந்தத் தெருப்பக்கமே போகமாட்டீர்கள்.

சரி, அரிவாளுக்குப் பதில் ஒரு குண்டுவீச்சு விமானம் என்றால்? 'அடேயப்பா, என்ன பொறுமை! என்ன கைவேலை!' என்று கிட்டப்போய்க் குனிந்து பார்ப்போம். நானும் பார்ப்பேன்.

ஏன் இந்த வித்தியாசம்? இதுதான் இந்த வாரக் கேள்வி.

பிளாஸ்டிக் மாடல் விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். டப்பாவைத் திறந்தால் சட்டம் சட்டமாகத் துண்டுகள். வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். 1953-ல் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஸ்பிட்ஃபயர் விமானத்தை இரண்டு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடப் பையனின் பாக்கெட் மணிக்கு எட்டிய போர் விமானம்! அந்தப் பையன்கள் தாத்தாவான பிறகும் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

இதில் பிரபலமான அளவு 1/72. அசலில் ஆறடி, மாடலில் ஒரு இன்ச். 1942-ல் அமெரிக்கக் கடற்படை, தன் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் இந்த அளவில் ஐந்து லட்சம் மாடல்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அரை மைல் தூரத்தில் பறக்கும் அசல் விமானம் மாதிரியே தெரியும். எது நம்மாள், எது எதிரியாள் என்று சிப்பாய்களுக்குப் பழக்கத்தான். பொம்மைக்கும் போருக்கும் அப்படியொரு பழைய சிநேகம்.

ஒட்டி முடித்தால் வேலை முடிந்ததா? இல்லை. அப்போதுதான் ஆரம்பம். புத்தம் புது விமானத்தைப் பழசாக்க வேண்டும். இதற்கு வெதரிங் என்று பெயர். பேனல் இடுக்குகளில் நீர்க்கக் கரைத்த ஆயில் பெயின்ட்டை ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைக்கிறார்கள். முதலில் வெள்ளி நிறம், அதன்மேல் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே, அதற்குமேல் பச்சை. பிறகு தண்ணீரைத் தொட்டு, பல்குத்தும் குச்சியால் சுரண்டினால், பச்சை பிய்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளி எட்டிப் பார்க்கும். மெக்கானிக் ஏறி நடந்து தேய்ந்த இறக்கை தயார்! சாக்பீஸ் மாதிரியான பேஸ்டலைப் பொடித்துத் தடவினால் எக்ஸாஸ்ட் புகைக்கறை.

இதிலும் கற்றுக்குட்டி, கைதேர்ந்தவர் உண்டு. கற்றுக்குட்டி உற்சாகத்தில் விமான உடம்பு முழுக்கத் துரு வரைந்துவிடுவார். கைதேர்ந்தவர் சிரிப்பார். அலுமினியத்தில் ஏதய்யா துரு? இறக்கையின் மேல்பக்கம் வெயிலில் அதிகம் வெளுக்கும், அடிவயிறு வெளுக்காது, எண்ணெய் காற்றடிக்கும் திசையில்தான் பின்னோக்கி வழியும்... ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணமில்லாத கறை பொய்க் கறை.

நான் படித்தது பி.காம். அங்கே தேய்மானம் என்றால், வாங்கின மிஷினின் மதிப்பை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வருவது. இங்கே தலைகீழ். தேயத் தேய மதிப்பு ஏறுகிறது! உழைக்காத ஒரு பொருளுக்கு, அது உழைத்தமாதிரி கணக்கு எழுதுகிறார்கள். அதுவும் எவ்வளவு நேர்மையான கணக்கு!

என் சந்தேகம் இங்கேதான் பிறக்கிறது. இந்த நேர்மை எந்த இடத்தில் நின்றுபோகிறது?

பி-29 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கை முனைக்கு முனை 43 மீட்டர். 1/72-ல் கிட்டத்தட்ட இரண்டடி. 1945 மார்ச் 9 ராத்திரி இந்த விமானங்கள் டோக்கியோவில் தீக்குண்டு போட்டதில், ஒரே இரவில் செத்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே'யும் பி-29தான். பைலட் பால் திபெட்ஸ் அதற்குத் தன் அம்மாவின் பெயரை வைத்திருந்தார். அந்த வருஷ முடிவுக்குள் ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். அந்தப் பெயரோடு மாடல் கிட்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது.

எஞ்சின் பின்னால் எவ்வளவு புகை படிந்தது என்பது வரைக்கும் தேடிப் பிடித்து வரைகிறவர், அந்த விமானம் கீழே எழுப்பிய புகையைப் பற்றி ஒரு புள்ளிகூட வைப்பதில்லை. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறது.

'பிளாஸ்டிக் யாரைக் கொன்றது? பொழுதுபோக்கில் போய் தர்மநியாயம் பேசுகிறீரே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதைவிடப் பலமான வாதம் ஒன்றும் உண்டு. இந்த விமானங்களுக்குள் இருந்தவர்களும் மனிதர்கள்தானே? பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. பெரும்பாலும் இருபது சொச்சம் வயசுப் பிள்ளைகள். அப்பாவோ சித்தப்பாவோ பறந்த லாங்காஸ்டரை ஒருவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்தால், அது பொம்மை இல்லை, திதி. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் 'நுணுக்கமாகச் செய்கிறார், அதனாலேயே அது நல்ல காரியம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். 1943-ல் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில், டக்வே என்ற இடத்தில், ஜெர்மன் வீடுகளையும் ஜப்பானிய வீடுகளையும் அசல் அளவிலேயே கட்டினார்கள். ஜப்பானிய வீட்டுக்கு யோசனை சொன்னவர், ஜப்பானில் பல வருஷம் வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் ஆன்டனின் ரேமண்ட். உள்ளே தட்டாமி பாய் விரித்து, அப்படியே அசல் வீடு. எதற்கு? எந்தத் தீக்குண்டு எவ்வளவு நன்றாக எரிக்கிறது என்று பார்க்க! எரித்தார்கள், மறுபடி கட்டினார்கள், மறுபடி எரித்தார்கள். அந்தப் பாயை விரித்தவரும் நுணுக்கமான ஆள்தான்.

அப்புறம் எது வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது, உயரம்.

எனோலா கே குண்டைப் போட்டது சுமார் 31,000 அடி உயரத்திலிருந்து. அங்கிருந்து தெரிந்த ஹிரோஷிமாவை, உங்கள் கண்ணுக்கு இரண்டடி முன்னால் மேஜையில் வைத்துப் பார்ப்பது போலச் சுருக்கினால், ஐந்தரை அடி மனுஷன் எவ்வளவு இருப்பான்? கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 1/72 மாடலில் வரும் பைலட் பொம்மையாவது 23 மில்லிமீட்டர் இருக்கும், மூக்கும் முழியும் வரையலாம். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் மூக்கு ஏது, முழி ஏது? அரிவாள்காரன் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறான். குண்டு போடுகிறவன் பார்ப்பது ஒரு மாடல் நகரத்தை. அரிவாளைக் கண்டு முகம் சுளிக்கிற நாம், விமானத்தைக் கண்டு குனிந்து ரசிப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். விமானத்தைச் சின்னதாக்கியது நாம். மனுஷர்களைச் சின்னதாக்கும் வேலையை அந்த விமானம் முன்னாலேயே முடித்துவிட்டது.

இதில் நாடுகளே தடுமாறுகின்றன. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா சின்னத்துக்குச் சட்டத் தடை என்பதால், அங்கே விற்கும் கிட்களில் அந்த ஸ்டிக்கரே இருக்காது, அல்லது துண்டு துண்டாக இருக்கும். காரணம் புரிகிறது. ஆனாலும் வால் மொட்டையாக நிற்கும் அந்த விமானம், ஏதோ அப்பாவி சரக்கு விமானம் மாதிரி தெரிகிறது.

அமெரிக்காவில் வேறு கதை. எனோலா கேயை வைத்து, ஹிரோஷிமாவின் அழிவையும் காட்டும் கண்காட்சி ஒன்றுக்கு ஸ்மித்ஸோனியன் மியூசியம் திட்டமிட்டது. முன்னாள் படைவீரர்கள் கொதித்தார்கள். 1995 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது, மே மாதம் இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் ராஜினாமா செய்தார். 2003-ல் முழு விமானமும் பளபளவென்று காட்சிக்கு வந்தபோது, பலியானவர்களின் எண்ணிக்கையையும் பலகையில் எழுதுங்கள் என்று கோரிக்கை வந்தது. மியூசியம் மறுத்துவிட்டது. எத்தனை கறை அனுமதி என்பதில், 1/1 அளவிலும் அதே சண்டைதான்.

இப்போது ஷிஸுவோகாவுக்கு வாருங்கள். டாமியா, ஃபுஜிமி, ஆவோஷிமா என்று ஜப்பானின் பெரிய மாடல் கம்பெனிகள் இருக்கிற ஊர். உலகத்து மாடல் பிரியர்களுக்கு அதுதான் காசி, ராமேஸ்வரம் எல்லாம். 1945 ஜூன் 20 அதிகாலை அந்த ஊரை எரித்தவை பி-29 விமானங்கள். செத்தவர்கள் சுமார் இரண்டாயிரம் பேர். பிற்காலத்தில் அதே ஊர் ஃபுஜிமி கம்பெனி, 1/144 அளவில் பி-29 கிட் போட்டது!

இதை மறதி என்பதா, மன்னிப்பு என்பதா, வியாபாரம் என்பதா? கேட்பதற்கு முன், அதே ஊர் மலைமேல் இருக்கிற இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அந்தத் தாக்குதலின்போது இரண்டு பி-29கள் வானத்தில் மோதி விழுந்தன. 23 அமெரிக்கர்கள் செத்தார்கள். ஃபுகுமாட்சு இடோ என்ற உள்ளூர்க்காரர், தன் ஊர் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், அந்த உடல்களையும் எடுத்து அடக்கம் செய்தார். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் கேட்கவில்லை. பிற்பாடு மலையில் இரண்டு நினைவுக்கல் வந்தன. ஒன்று செத்த ஊர் ஜனங்களுக்கு, இன்னொன்று அந்த 23 பேருக்கு. விமானச் சிதைவில் கிடைத்தது ஒரு தண்ணீர்க் குடுவை. நசுங்கி, கருகி, பிடித்திருந்த கையின் அச்சோடு. அந்தக் குடுவையில் விஸ்கி ஊற்றி, நினைவுக்கல்லில் வார்த்து அஞ்சலி செலுத்துவது அங்கே வழக்கம். ஜப்பானியர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து செய்கிறார்கள்.

அந்தக் குடுவையின் கறுப்பை யாரும் பெயின்ட்டில் கொண்டுவரவில்லை. எரித்தவனும் எரிந்தவனும் ஒரே பொருளில் இருக்கிறார்கள். கணக்கு இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறது.

மாடல் செய்வது பாவம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் பையன் விமான கிட் கேட்டால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூட உட்கார்ந்து ஒட்டுங்கள். அவன் கை பழகட்டும், பொறுமை வரட்டும். இறக்கைக்கு அடியில் புகைக்கறை தடவும்போது மட்டும் அவனிடம் ஒன்று கேளுங்கள்.

"அழகா இருக்குடா தம்பி. இது எங்கே போயிட்டு வந்துச்சு?"

அவன் போய்த் தேடிப் படிப்பான். கறைக்குக் காரணம் வேண்டும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை அல்லவா?